போர்டுக்குள் ஒடிந்த வயரா? முள் எடுக்கத் தெரிந்த கைக்கு இது பெரிய வேலையில்லை!

டி. கல்லுப்பட்டிப் பக்கம் காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குச் சீமைக்கருவேல முள் புதிதில்லை. காலில் ஏறிய முள் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் நகத்தாலேயே பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். உள்ளேயே ஒடிந்துபோனால்தான் சிக்கல். அப்போது ஊசியும் முள்வாங்கியும் வேண்டும். அவசரப்பட்டுக் குத்தினால் முள் இன்னும் ஆழமாக இறங்கிவிடும். சுற்றியிருக்கும் தோலை ஊசியால் மெல்ல நெகிழ்த்தி, முள்ளின் தலை தெரிந்த பிறகு நேராக இழுக்க வேண்டும். பாட்டிமார்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை இது.

அதே கைப்பக்குவம் இப்போது வேறோர் இடத்திலும் தேவைப்படுகிறது. பள்ளிக்கூட ஆய்வக மேசையில்!

ரோபாட்டிக்ஸ், எலக்ட்ரானிக்ஸ் என்று பிள்ளைகள் கையில் சின்னச் சின்ன போர்டுகள் வந்துவிட்டன. எல்.இ.டி. விளக்கை எரிய விடுவது, செடிக்குத் தண்ணீர் போதுமா என்று மண்ணின் ஈரத்தை அளப்பது, யாராவது அருகில் வந்தால் மணி அடிப்பது என ஆளுக்கொரு புராஜெக்ட். போர்டின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் துளைகளில் வயரைச் செருகினால் வேலை முடிந்தது. செருகியதைப் பிடுங்கும்போதுதான் அந்தச் சத்தம் வரும். 'டக்.' வயர் கையோடு வந்துவிடும். அதன் முனையிலிருந்த உலோகக் குச்சி துளைக்குள்ளேயே தங்கிவிடும்.

"மிஸ்... ஒடிஞ்சிருச்சு மிஸ்!"

இப்படிச் சொல்கிற பிள்ளை தைரியசாலி. பல பிள்ளைகள் சொல்வதில்லை. போர்டை சத்தமில்லாமல் டப்பாவில் வைத்து மூடிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அடுத்த வகுப்பில் அதே டப்பாவைத் திறக்கும் இன்னொரு குழு, புரோகிராம் சரியாக இருந்தும் விளக்கு ஏன் எரியவில்லை என்று ஒரு மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொள்ளும். கடைசியில் அந்த போர்டு 'ரிப்பேர்' என்ற பெயரோடு பீரோவுக்குப் போய்விடும். பெரும்பாலும் திரும்பி வராது.

குண்டூசி முனை அளவுத் துண்டுக்காக ஒரு முழு போர்டு!

பதிவேட்டு பயம்

மத்திய அரசின் நிதி ஆயோக், 2016-ல் 'அடல் டிங்கரிங் லேப்' திட்டத்தைத் தொடங்கியது. 6 முதல் 12-ம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்களுக்கானது. தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை நிதி. ஆய்வகம் அமைக்க 10 லட்சம், நடத்த 10 லட்சம். நாடு முழுக்க 10,000 பள்ளிகளில் இந்த ஆய்வகங்கள் வந்தன. அடுத்த 5 ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 ஆய்வகங்கள் அமைக்கப்படும் என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். ஆக, இந்த போர்டுகளும் வயர்களும் நகரத்துப் பெரிய பள்ளிகளோடு நிற்கப்போவதில்லை. கல்லுப்பட்டி, பேரையூர் மாதிரியான ஊர்களின் பள்ளிகளுக்கும் வரும்.

பொருள் வருவது ஒரு கதை. அது புழக்கத்தில் இருப்பது இன்னொரு கதை. அரசுப் பணத்தில் வாங்கிய எந்தப் பொருளும் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறிவிடும். உடைந்தால் கணக்குச் சொல்ல வேண்டும். 'பிள்ளைங்க கையில கொடுத்தா உடைச்சிருவாங்க' என்ற பயத்திலேயே பல பள்ளிகளில் மைக்ராஸ்கோப் பூட்டியே கிடந்த கதை நமக்குத் தெரியும். எலக்ட்ரானிக்ஸ் போர்டுக்கும் அதே கதி வந்துவிடக் கூடாது என்றால், ஆசிரியருக்கும் மாணவர்களுக்கும் ஒரு நம்பிக்கை வேண்டும். ஒடிந்தால் எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை.

அதற்கு முதலில், ஒடிவது ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது.

துளைக்குள் என்ன இருக்கிறது?

பள்ளிகளில் அதிகம் புழங்கும் போர்டின் பெயர் 'ஆர்டுயினோ'. இத்தாலியில் இவ்ரேயா என்ற ஊரில், வடிவமைப்பு படிக்கும் மாணவர்கள் சுலபமாகப் பயன்படுத்தட்டும் என்று 2005-ல் உருவாக்கப்பட்டது. உருவாக்கியவர்கள் வழக்கமாகக் கூடும் மதுக்கூடத்தின் பெயரையே போர்டுக்கும் வைத்துவிட்டார்கள். அந்தக் கடைக்குப் பெயர் தந்தவர், 1002-ல் இத்தாலியின் அரசரான ஆர்டுயின். ராஜா பெயர் கடைக்குப் போய், கடைப் பெயர் போர்டுக்கு வந்து, இப்போது நம்மூர் ஏழாம் வகுப்புப் பிள்ளை வாயில்!

இதில் 'ஊனோ' என்ற ரகம்தான் ரொம்பப் பிரபலம். சீட்டுக்கட்டைவிடச் சற்றே சிறிய போர்டு. இரண்டு ஓரங்களிலும் கறுப்பு பிளாஸ்டிக் பட்டை. 'ஹெடர்' என்பார்கள். அதில் வரிசையாகச் சதுரத் துளைகள். ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடையே 2.54 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. ஓர் எள்ளின் நீளம்கூட இருக்காது. ஒவ்வொரு துளைக்குள்ளும் எதிரெதிராக இரண்டு மெல்லிய உலோக இதழ்கள். வயரின் குச்சி உள்ளே இறங்கியதும் அந்த இதழ்கள் இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ஸ்க்ரூ கிடையாது, பூட்டு கிடையாது. அந்தக் கவ்வல்தான் எல்லாம்.

ஒடிந்த துண்டு வெளியே வராததற்கும் அதுவே காரணம். துண்டு எங்கேயும் ஒட்டிக்கொள்ளவில்லை. ஸ்பிரிங் மாதிரியான இரண்டு இதழ்கள் விடாமல் பிடித்திருக்கின்றன, அவ்வளவுதான். பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால் துண்டு வந்துவிடும்.

சரி, குச்சி ஏன் ஒடிகிறது? ஜம்பர் வயரின் முனைக் குச்சி சுமார் 0.64 மில்லிமீட்டர் தடிமன். மலிவான வயர்களில் அதுவும் சொத்தையான உலோகம். குச்சியும் பிளாஸ்டிக் உறையும் சேரும் இடம்தான் அதன் கழுத்து. வயரைச் சாய்த்துச் சாய்த்து இழுக்கும்போது அந்தக் கழுத்து வளைந்து நிமிர்கிறது. இரும்புக் கம்பியை முன்னும் பின்னும் மடக்கிக்கொண்டே இருந்தால் கடைசியில் ஒடியுமே, அதே கணக்கு. கடையில் ஒற்றைக் கம்பி வயர் வாங்கித் தோல் சீவிச் செருகுபவர்களுக்கு வேறு பிரச்னை. பிளேடால் சீவும்போது செம்பில் ஒரு கீறல் விழுந்துவிடும். ஒடிவது அந்தக் கீறலில்தான்.

எல்லாவற்றையும்விட மோசமானது பல இழை வயர். முறுக்காமல் அப்படியே துளையில் திணித்தால், தலைமுடி மாதிரி ஓர் இழை தனியாகப் பிரிந்து உள்ளே தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது. பக்கத்துத் துளையின் வயரைத் தொட்டுக்கொண்டு நின்றால் ஷார்ட் சர்க்யூட்.

முதல் வேலை, பிளக்கைப் பிடுங்குவது

துண்டைத் தொடும் முன் போர்டுக்கு வரும் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். யு.எஸ்.பி. கேபிள், அடாப்டர், பேட்டரி என எது செருகியிருந்தாலும் கழற்றிவிட வேண்டும். '5 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே' என்று சிலர் நினைப்பார்கள். ஆளுக்கு ஒன்றும் ஆகாதுதான். ஆனால் போர்டு தாங்காது. ஊனோவில் 5 வோல்ட் துளைக்கு ஒரு பக்கம் 3.3 வோல்ட், மறு பக்கம் கிரவுண்ட். கையிலிருக்கும் ஊசி சற்றே சாய்ந்து இரண்டையும் தொட்டால் போதும். யு.எஸ்.பி. வழியாக வரும் மின்சாரத்துக்கு 500 மில்லி ஆம்பியரில் தானே துண்டித்துக்கொள்ளும் ஃபியூஸ் உண்டு என்றாலும், எல்லாத் தவறையும் அது காப்பாற்றாது. சிப்பின் ஒரு காலுக்கு 40 மில்லி ஆம்பியர்தான் உச்ச வரம்பு.

அடுத்தது வெளிச்சம். செல்போன் டார்ச்சை ஒருவர் பக்கவாட்டில் பிடிக்க, இன்னொருவர் தன் போன் கேமராவை ஜூம் செய்து துளைக்குள் பார்க்கலாம். துண்டின் தலை துளைக்கு மேலே நிற்கிறதா, விளிம்புக்குச் சமமாக இருக்கிறதா, உள்ளே இறங்கிவிட்டதா? இந்த மூன்றில் எது என்று தெரியாமல் கருவியை எடுக்கக் கூடாது.

மேலே அரை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால்கூட அதிர்ஷ்டம்தான். கூர்முனை ட்வீசர் போதும். ட்வீசர் இல்லையா? நகைப் பட்டறையில் ஆசாரிகள் பொடி மணியை எடுத்து வைக்கும் சாமணம் இதைவிட அருமையான கருவி. வீட்டில் புருவம் திருத்தும் ட்வீசர் முனை சரியாகச் சேருமென்றால் அதுவும் ஆகும். பிடித்ததும் திருகவோ ஆட்டவோ வேண்டாம். நேராக மேலே இழுக்க வேண்டும். வழுக்கிக்கொண்டே போனால் எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் சைடு கட்டரை எடுத்து, அதன் வாயால் துண்டின் தலையை மெதுவாகக் கவ்வி, பிளாஸ்டிக் பட்டையைத் தாங்கலாக வைத்து நெம்பலாம். கவ்வினால் போதும், அழுத்தினால் தலை வெட்டுப்பட்டுவிடும். அப்புறம் பிடிக்க எதுவும் இருக்காது.

துண்டு விளிம்புக்குச் சமமாகவோ உள்ளேயோ இருந்தால்தான் முள் எடுக்கும் வித்தை தேவைப்படுகிறது. பாசி கோக்கும் மெல்லிய ஊசி இரண்டு எடுத்துக்கொள்ளலாம். முதல் ஊசியைத் துண்டுக்கும் ஓர் இதழுக்கும் இடையே மெல்ல இறக்கினால் இதழ் மயிரிழை விலகும். அதற்குமேல் விலக்கினால் இதழ் திரும்ப மூடாது. துண்டு வந்தாலும் அந்தத் துளை அப்புறம் எதையும் இறுக்கிப் பிடிக்காது. முதல் ஊசி அப்படியே இருக்க, இரண்டாவது ஊசியால் மறுபக்கத்திலிருந்து துண்டை உரசியபடி மேல்நோக்கிச் சுரண்ட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். தலை வெளியே தெரிந்ததும் ட்வீசர்.

சில நேரம் இன்னும் சுலபம். முதல் ஊசி உள்ளே இருக்கும்போதே போர்டைத் தலைகீழாகக் கவிழ்த்து, பின்பக்கம் விரலால் இரண்டு தட்டு. துண்டு தானே கீழே விழுந்துவிடும். அடியில் வெள்ளைத் தாள் விரித்துக்கொண்டால் விழுந்தது தெரியும். எத்தனை ஒடிந்ததோ அத்தனையும் வெளியே வந்துவிட்டதா என்று எண்ணிப் பார்ப்பதும் முக்கியம்.

காந்தம் வைத்து இழுக்கலாமா என்ற கேள்வி எழும். மலிவான குச்சிகள் பல இரும்பு என்பதால் காந்தத்தில் ஒட்டும், பித்தளை ஒட்டாது. ஆனால் இதழ்களின் பிடிக்கு முன்னால் சின்னக் காந்தத்தின் பலம் ஒன்றுமில்லை. தளர்ந்த துண்டைத் தூக்க மட்டும் உதவும்.

இன்சுலின் ஊசி மிக மெல்லியது, இந்த வேலைக்குத் தோதானதுதான். ஆனால் வீட்டில் யாரோ போட்டுக்கொண்ட ஊசியைப் பிள்ளை பையில் போட்டுப் பள்ளிக்கு எடுத்துவரும் நிலை வரவே கூடாது. அதைவிடத் தையல் ஊசியே போதும்.

ஃபெவிக்விக் வேண்டாமே!

வயர் முனையில் ஒரு சொட்டு ஃபெவிக்விக் தொட்டுத் துண்டின் மேல் ஒட்டி இழுக்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. நடக்காத காரியமில்லை. ஆனால் அந்தப் பசை தண்ணீர் மாதிரி ஓடும். ஊசி முனை அளவு அதிகமானாலும் இதழுக்குள் இறங்கி உறைந்துவிடும். துண்டு, இதழ், பிளாஸ்டிக் எல்லாம் ஒரே கட்டி. முதலில் ஒரு துண்டுதான் போயிருந்தது. இப்போது துளையே போய்விட்டது.

சால்டரிங் அயர்னால் ஒரு கம்பியைத் துண்டின் தலையில் பற்றவைத்து இழுப்பதும் அப்படித்தான். ஈயம் உருகும் சூட்டில் பக்கத்து பிளாஸ்டிக்கும் இளகும். கை தேர்ந்தவர்கள் ஒரே நொடியில் செய்துவிடுவார்கள். பிள்ளைகள் பழகும் இடம் அது கிடையாது.

துண்டை உள்ளேயே தள்ளிவிட்டு, மேலே இன்னொரு வயரைச் செருகுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. முதல் நாள் வேலை செய்யும். பிறகு தொட்டால் எரியும், விட்டால் அணையும். எங்கே கோளாறு என்று தேடியே நாள் போய்விடும்.

வரவே வரவில்லை என்றால்?

பதற வேண்டியதில்லை. ஊனோவில் ஒரு துளை போனால் மாற்று வழி ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் உண்டு. 0 முதல் 13 வரை 14 டிஜிட்டல் துளைகள். ஒன்று அடைத்துக்கொண்டால் புரோகிராமில் எண்ணை மாற்றிவிட்டு அடுத்ததில் செருகலாம். அதுவும் போதாவிட்டால் ஏ0 முதல் ஏ5 வரையுள்ள அனலாக் துளைகளை டிஜிட்டலாகவும் பயன்படுத்தலாம். அவற்றுக்கு 14 முதல் 19 வரை எண். இது பல மாணவர்களுக்கே தெரியாத விஷயம். கிரவுண்ட் துளை மொத்தம் மூன்று இருக்கின்றன. ஏ4, ஏ5 இரண்டும் ஆர்3 ரக போர்டில் எதிர் ஓரத்திலும் எஸ்.டி.ஏ., எஸ்.சி.எல். என்ற பெயரில் இன்னொரு முறை வருகின்றன.

5 வோல்ட் துளை ஒன்றுதான் இருக்கிறதே என்றால், சிப்புக்குப் பக்கத்தில் ஆறு குச்சிகள் இரண்டு வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். 'ஐ.சி.எஸ்.பி.' என்று எழுதியிருக்கும். அதில் இரண்டாவது குச்சி 5 வோல்ட், ஆறாவது கிரவுண்ட். துளை முனை உள்ள ஜம்பர் வயரை அதில் மாட்டினால் ஆயிற்று.

போர்டையே முழுசாகச் சரிசெய்ய வேண்டுமென்றால் ஹெடரை மாற்றலாம். அதன் விலை சில ரூபாய்தான். ஆனால் கல்லுப்பட்டியில் இருப்பவர் அதற்காகத் திருமங்கலம் வழியாக மதுரைக்கு பஸ் ஏறி டவுன்ஹால் ரோடு வரை போக வேண்டியிருக்கும், அல்லது ஆன்லைனில் வரவழைக்க வேண்டும். பொருளைவிடப் பயணச் செலவு அதிகம். அதனால் எப்போது போனாலும் நாலைந்து பட்டைகளாகச் சேர்த்து வாங்கி வைத்துவிடுவது லாபம்.

மாற்றும் வேலையை உள்ளூரிலேயே முடிக்கலாம். செல்போன் சர்வீஸ் கடை இல்லாத பஜார் இப்போது ஏது? ஊனோவின் ஹெடரைவிடப் பல மடங்கு நுணுக்கமான சார்ஜிங் பின்னைத் தினமும் மாற்றும் கைகள் அங்கே இருக்கின்றன. முறை இதுதான்: முதலில் பழைய பட்டையின் பிளாஸ்டிக்கைச் சைடு கட்டரால் துண்டு துண்டாக வெட்டி எடுத்துவிட வேண்டும். தனித்தனியாக நிற்கும் கால்களை ஒவ்வொன்றாகச் சூடுகாட்டி உருவ வேண்டும். மொத்தப் பட்டையையும் ஒரே இழுப்பில் பிடுங்கப் பார்த்தால் போர்டின் செம்புத் தடமே உரிந்து வந்துவிடும். பழைய ஈயத்தை உறிஞ்சியால் எடுத்துவிட்டு, புதுப் பட்டையை நேராக வைத்துப் பற்றவைத்தால் போர்டு புதுசு மாதிரி!

வெட்டுவதற்கு முன் இன்னொன்றும் முயன்று பார்க்கலாம். பல பட்டைகளில் கறுப்பு பிளாஸ்டிக் உறை மட்டும் தனியாக மேலே கழன்று வரும். இரண்டு முனைகளிலும் மாறி மாறி நெம்பினால் உறை வந்துவிடும், இதழ்கள் போர்டிலேயே நிற்கும். துண்டை ட்வீசரால் எடுத்துவிட்டு உறையைத் திரும்ப மாட்டிவிடலாம்.

பிரெட்போர்டில் ஒடிந்தால் வேலை இன்னும் எளிது. வெள்ளையாக, தேன்கூடு மாதிரி துளைகளோடு இருக்குமே, அதுதான் பிரெட்போர்டு. ரேடியோ வந்த புதிதில் அதில் ஆர்வம்கொண்டவர்கள் ரொட்டி வெட்டும் மரப்பலகையில் ஆணி அடித்து வயர் சுற்றிப் பழகியதால் வந்த பெயர். இதன் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்சை ஓர் ஓரத்தில் கத்தியால் உரித்தால், ஐந்து துளைக்கு ஒரு உலோகக் கிளிப் என வரிசையாகத் தெரியும். மேலிருந்து ஊசியால் தள்ளினால் கிளிப் பின்பக்கமாக வெளியே வரும். துண்டை எடுத்துவிட்டு, கிளிப்பைத் திரும்பச் செருகி, ஸ்பாஞ்சை ஒட்டிவிடலாம்.

குமரப்பா வாழ்ந்த ஊர்

இந்தப் பேச்சுக்கு டி. கல்லுப்பட்டியைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. 1940-ல் கோ. வேங்கடாசலபதி தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமம் இங்கேதான் இருக்கிறது. லண்டனில் கணக்குத் தணிக்கையும், அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரமும் படித்த ஜே.சி. குமரப்பா, கடைசிக் காலத்தில் தங்கியதும் இந்த ஆசிரமத்தில்தான். காந்தியோடு சேர்ந்து அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவர். நிலைத்த பொருளாதாரம் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூலைச் சிறையில் இருந்தபோது எழுதினார். தோண்டி எடுத்தால் தீர்ந்துபோகும் பொருளை நம்பி வாழ்வதா, திரும்பத் திரும்பக் கிடைப்பதை வைத்து வாழ்வதா என்பது அதில் அவர் எழுப்பிய அடிப்படைக் கேள்வி. 1960 ஜனவரி 30-ல், காந்தி மறைந்த அதே தேதியில், குமரப்பாவும் மறைந்தார்.

அவர் காலத்தில் ஆர்டுயினோ ஏது? ஆனால் அவர் கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது. ஒரு போர்டுக்குள் செம்பு, ஈயம், வெள்ளீயம், சிப்பின் உள்ளே துளி தங்கம்கூட உண்டு. எல்லாமே தோண்டி எடுத்தவை. 2022-ல் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவைக் கொட்டியது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவிகிதம்தான் என்கிறது ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை. இந்தியாவில் மின்னணுக் கழிவுக்கான புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. விதி இருக்கட்டும், பீரோவுக்குள் 'ரிப்பேர்' என்று தூங்கும் போர்டு எந்தக் கணக்கிலும் வராது என்பதுதான் வேடிக்கை.

இன்னொரு விஷயம். ஆர்டுயினோ ஊனோவின் வரைபடம் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியிடப்பட்டது. எந்தத் துளை எந்தக் காலுக்குப் போகிறது என்பதில் ரகசியம் இல்லை. பெரிய சிப் உள்ள ரகத்தில், அந்த 28 கால் சிப்பும் சாக்கெட்டில்தான் உட்கார்ந்திருக்கும். அது எரிந்துபோனாலும் நெம்பி எடுத்துவிட்டு வேறு சிப்பை மாட்டலாம். பழுது பார்க்க வசதியாகவே செய்யப்பட்ட பொருள் இது. திறக்கவே முடியாதபடி ஒட்டிவைத்து விற்கும் இன்றைய செல்போன்களோடு ஒப்பிட்டால் அதன் அருமை புரியும்.

ஒடியாமல் பார்த்துக்கொள்ள

வயரைப் பிடித்து இழுக்காமல், முனையிலுள்ள பிளாஸ்டிக் உறையைப் பிடித்து நேராக மேலே தூக்க வேண்டும். முதல் வகுப்பிலேயே பிள்ளைகளுக்கு இதைப் பழக்கிவிட்டால் பாதிப் பிரச்னை தீர்ந்தது. வளைந்த குச்சியை நிமிர்த்தி மறுபடி செருகுவதும் கூடாது. ஒருமுறை வளைந்தால் அந்த வயரைத் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். வயர் போனால் போகட்டும், போர்டு முக்கியம்.

தடித்த கால்களைத் திணிப்பது இன்னோர் ஆபத்து. 1என்4007 மாதிரியான டையோடின் கால் கிட்டத்தட்ட 0.8 மில்லிமீட்டர். அதை அழுத்திச் செருகினால் இதழ்கள் அகன்றுவிடும். அப்புறம் சாதாரணக் குச்சி தொளதொளவென்று ஆடும். பல இழை வயர்தான் இருக்கிறது என்றால், இழைகளை இறுக முறுக்கி, முனையில் ஈயம் பூசிய பிறகே செருகலாம்.

தினமும் பிடுங்கிச் செருகும் ஆய்வகங்களுக்கு ஒரு சுலப வழி உண்டு. மேலே துளை, கீழே நீளக் கால் என்று இருக்கும் ஹெடர் பட்டைகள் கடையில் கிடைக்கும். அவற்றை போர்டின் மேல் நிரந்தரமாகச் செருகி வைத்துவிட்டு, வயர்களை அந்தப் பட்டையில் மட்டும் செருகச் சொல்லலாம். ஒடிந்தாலும் மேல் பட்டையில்தான் ஒடியும். பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு போடலாம். உண்மையான துளை பத்திரம்.

கூடவே, பீரோவில் ஒரு பழைய பென்சில் டப்பா. அதில் ட்வீசர், இரண்டு பாசி ஊசி, ஒரு சைடு கட்டர், சின்ன பூதக்கண்ணாடி. 'ஒடிஞ்சிருச்சு' என்று வந்து சொல்லும் பிள்ளையைத் திட்டாமல் அந்த டப்பாவை நீட்டினால், அடுத்த முறை இன்னொரு பிள்ளையும் மறைக்காமல் வந்து சொல்லும். ஊசி வேலை என்பதால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது அவசியம்.

துண்டு வெளியே வந்த பிறகும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. மல்டிமீட்டரை 'பீப்' சத்தம் வரும் நிலையில் வைத்து, சரிசெய்த துளைக்கும் அதன் இரண்டு பக்கத்துத் துளைகளுக்கும் இடையே தொட்டுப் பார்க்க வேண்டும். சத்தம் வந்தால் உள்ளே இன்னும் ஏதோ இழை கிடக்கிறது என்று அர்த்தம். (கிரவுண்ட் துளைகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்; அங்கே மட்டும் சத்தம் வருவது இயல்பு.) சத்தம் இல்லையென்றால் யு.எஸ்.பி.யைச் செருகி, ஆர்டுயினோ மென்பொருளிலேயே உதாரணமாக இருக்கும் 'பிளிங்க்' புரோகிராமைத் திறந்து, அதில் துளையின் எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். 220 ஓம் ரெசிஸ்டரோடு ஓர் எல்.இ.டி.யை அந்தத் துளையில் செருகினால், ஒரு விநாடி எரியும், ஒரு விநாடி அணையும். வயரை லேசாக ஆட்டிப் பார்த்தும் அந்தத் தாளம் தவறவில்லை என்றால், டப்பா மேல் எழுதியிருக்கும் 'ரிப்பேர்' என்ற எழுத்தை அழித்துவிடலாம்.